மண்ணைத் திறக்கும் தலை, மண்ணை அடைக்கும் வால்

மழை தொடங்கியதும் மலைத்தோட்டங்களில் குழி வெட்டுபவர்களின் மண்வெட்டியில் சிக்கி வெளியே வந்து விழும் பாம்பு ஒன்று உண்டு. விரல் பருமன் இருக்கும். நீளம் ஒரு சாண், மிஞ்சினால் இரண்டு சாண். கருமையோ பழுப்போ ஓடிய உடல் வெயில் பட்டதும் நீலமும் பச்சையுமாக மின்னும். ஒரு முனை கூராக இருக்கும், அதில் கண் இருப்பது உற்றுப் பார்த்தால்தான் தெரியும். மறுமுனை சரிவாகவோ மழுங்கலாகவோ சட்டென்று முடிந்துவிடும். தொட்டால் சொரசொரக்கும். எது தலை, எது வால் என்று புரியாமல் "இருதலைப் பாம்பு" என்பார்கள். மொட்டை வாலோடு எந்தப் பாம்பு வந்தாலும் நம் ஊரில் அந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆறு மாதம் ஒரு பக்கமாகவும் ஆறு மாதம் மறு பக்கமாகவும் ஊரும் என்ற கதையும் கூடவே வரும்.

இதன் பெயர் கேடயவால் பாம்பு. தலை ஒன்றுதான், கூராக இருக்கும் பக்கம். நஞ்சு கிடையாது. கையில் எடுத்தாலும் கடிக்க முயலாது. தலையை உடலின் சுருளுக்குள் ஒளித்துக்கொண்டு வாலை வெளியே நீட்டும், அல்லது விரலைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். அதன் தற்காப்பு அதோடு முடிந்தது. இவ்வளவு சாதுவான பிராணியைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் தசை, எலும்பு, செதில், வால் என்று உடலின் ஒவ்வொரு பாகத்தையும் மண்ணுக்காகவே மாற்றி அமைத்துக்கொண்ட பாம்பு இது. அந்த மாற்றத்துக்கு அது கொடுத்த விலையும் பெரிது.

யூரோபெல்டிடே என்ற இந்தக் குடும்பத்தில் ஏறத்தாழ 60 இனங்கள் அறியப்பட்டுள்ளன. தென்னிந்தியாவை மையமாகக் கொண்ட இந்தியத் தீபகற்பத்தையும் இலங்கையையும் விட்டால் உலகில் வேறெங்கும் இவை இல்லை. இலங்கையில் மட்டும் பதினைந்துக்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. மீதியில் பெரும்பாலானவை மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழ்கின்றன. கிழக்குத் தொடர்ச்சி மலையின் குன்றுகளிலும் சில உண்டு. ஒரு பாம்புக் குடும்பம் முழுவதும் இப்படி ஒரு சிறு நிலப்பரப்புக்குள் அடங்கியிருப்பது அபூர்வம்.

தோண்டுவதன் கணக்கு

கைகால் இல்லாத உயிர் கெட்டி மண்ணில் வளை தோண்டுவது எளிதல்ல. எலிக்கும் பெருச்சாளிக்கும் நகமும் முன்னங்காலும் இருக்கின்றன. பாம்புக்கு இருப்பது தலை மட்டும். அதையே ஆப்பாக மண்ணுக்குள் இறக்கி, பக்கவாட்டில் மண்ணை நெருக்கித்தான் வழி உண்டாக்க வேண்டும். அங்கே ஒரு கணக்குச் சிக்கல் வருகிறது. உடலின் விட்டம் இரண்டு மடங்கானால் குறுக்குவெட்டுப் பரப்பு நான்கு மடங்காகும். நெருக்க வேண்டிய மண்ணும் நான்கு மடங்கு. ஆகவே மண்ணுக்குள் வாழ்பவர் ஒல்லியாக இருப்பதே லாபம். ஆனால் மண்ணை நெருக்கப் பலம் வேண்டும், பலத்துக்குத் தசை வேண்டும், தசைக்கு இடம் வேண்டும். ஒல்லியான உடலில் அந்த இடம் எங்கிருந்து வரும்?

இந்தப் புதிருக்கு விடை தேடியவர் அமெரிக்க விலங்கியலாளர் கார்ல் கேன்ஸ். கேடயவால் பாம்புகளின் உடலை அறுத்துப் பார்த்த அவரும் அவருடைய சகாக்களும், தசை உடல் முழுவதும் ஒரே மாதிரி இல்லை என்பதைக் கண்டார்கள். முன்பகுதித் தசை கருஞ்சிவப்பாக இருந்தது. ஆக்சிஜனைத் தேக்கிவைக்கும் மையோகுளோபின் என்ற புரதமும், செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களும் அதில் நிறைந்திருந்தன. சோர்வில்லாமல் நெடுநேரம் உழைக்கக்கூடிய தசை அது. பின்பகுதித் தசை வெளிறிக் கிடந்தது. அது சிறிது நேரம் இழுக்கும், சீக்கிரம் களைத்துவிடும். 1978இல் சயன்ஸ் இதழில் இதை வெளியிட்டபோது அவர்கள் கையாண்ட உவமை சரக்கு ரயில். முன்னால் எஞ்சின், பின்னால் இழுபடும் பெட்டிகள். உடல் முழுவதும் எஞ்சினைப் பொருத்தினால் பாரம்தான் கூடும். தோண்டும் வேலை நடக்கும் இடத்தில் மட்டும் தசையைக் குவித்துவிட்டு, மீதி உடலைச் செலவு குறைவாக வைத்துக்கொண்டிருக்கிறது இந்தப் பாம்பு.

எஞ்சின் இயங்கும் விதம் இன்னும் விந்தையானது. மற்ற பாம்புகள் வளையும்போது தோலும் சேர்ந்து வளையும். உடல் நெளிவதை வெளியிலிருந்தே பார்க்கலாம். கேடயவால் பாம்பின் முன்பகுதியில் முதுகெலும்பு, தோலோடு இறுக்கமாகப் பிணைக்கப்படவில்லை. தோல் நேராக இருக்க, முதுகெலும்பு மட்டும் உள்ளே வளைந்து வளைந்து மடியும். மடிந்ததும் உடல் அந்த இடத்தில் பருத்து வளையின் சுவரில் அழுந்தி நங்கூரம் போட்டுக்கொள்ளும். நங்கூரம் பிடித்ததும் அதற்கு முன்னால் உள்ள வளைவுகள் நிமிரும். நிமிரும் விசை முழுவதும் தலைக்குப் போய், கூர்முனை மண்ணுக்குள் இறங்கும். பிறகு முன்பகுதி மறுபடி மடிந்து பருக்கும், மண் இன்னும் கொஞ்சம் விலகும். வெளிறிய தசை கொண்ட பின்னுடல் அதன் பிறகு முன்னால் இழுபட்டு வரும். மடிப்பு, பிடிப்பு, குத்து, இழுப்பு என்று இந்தச் சுழற்சி திரும்பத் திரும்ப நடக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு உடலில் ஒரு வீக்கம் தோன்றித் தோன்றி மறைவது மட்டும் தெரியும். ஒல்லியாக இருந்துகொண்டே வேண்டிய கணத்தில் மட்டும் பருக்கத் தெரிந்ததால் அந்தக் கணக்குச் சிக்கலே தீர்ந்துவிட்டது.

தலையும் இந்த வேலைக்கு ஏற்றபடி மாறியிருக்கிறது. நல்ல பாம்போ மலைப்பாம்போ தன் தலையைவிடப் பெரிய இரையை விழுங்க முடிவது, மண்டை எலும்புகள் ஒன்றோடொன்று தளர்வாக இணைந்திருப்பதால். அப்படிப்பட்ட தலையை மண்ணில் குத்தினால் அது நிலைகுலைந்துவிடும். கேடயவால் பாம்பின் மண்டை எலும்புகள் இறுகிச் சேர்ந்தவை. பலன், உறுதியான ஆப்பு. இழப்பு, அகலத் திறக்காத வாய். ஆகவே அதன் உணவு வாய்க்கு அடங்கக்கூடியதாக, ஒடுக்கமாக, நீளமாக இருக்க வேண்டும். மலைக்காட்டு மண்ணில் அப்படிப்பட்ட ஒன்று தாராளமாகக் கிடைக்கிறது, மண்புழு. இந்தக் குடும்பமே பெரும்பாலும் மண்புழுவை நம்பித்தான் இருக்கிறது.

கண் சிறுத்து, பெரும்பாலான இனங்களில் தலைச்செதிலுக்கு அடியிலேயே ஒடுங்கிவிட்டது. தரையில் ஊரும் பாம்புகளுக்கு வயிற்றுப்பக்கம் அகலமான செதில்கள் இருக்கும். தரையைப் பற்றி நகர அவை உதவும். சுற்றிலும் மண் அழுத்தும் வளைக்குள் அந்தப் பிடிமானம் தேவைப்படாததால் இவற்றின் வயிற்றுச் செதில்கள் குறுகிப்போய், பக்கச் செதில்களைவிடச் சற்றே பெரிதாக நிற்கின்றன. உடற்செதில்கள் வழுவழுப்பானவை. அவற்றின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வரிவடிவம் இருக்கிறது. ஈர மண் ஒட்டாமல் உதிர்வதற்கு அது துணை செய்கிறது என்பது கேன்ஸின் கருத்து. வெயிலில் தெரியும் அந்த நீலப்பச்சை மினுக்கத்துக்கும் இந்த நுண்வரிகளே காரணம். இருட்டிலேயே வாழும் பாம்புக்கு அழகு எதற்கு என்ற கேள்விக்கு, அது அழகுக்காக ஏற்பட்டதல்ல, மண் ஒட்டாமலிருக்க ஏற்பட்டது என்றே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேடயம்

உடல் முழுவதும் மண் ஒட்டாதபடி பார்த்துக்கொள்ளும் பாம்பு, வாலில் மட்டும் மண் ஒட்ட வேண்டும் என்று விரும்புகிறது. வால் நுனிச் செதில்கள் தடித்து, முகடும் முள்ளுமாக இருக்கும். ஈர மண் அதில் அப்பிக்கொண்டு ஒரு மூடியாகக் கெட்டிப்படும். பாம்பு வளைக்குள் முன்னேறும்போது இந்த மண்மூடி பின்னாலேயே வந்து வழியை அடைத்துக்கொண்டிருக்கும். வளைகளுக்குள் புகுந்து இரை தேடும் பாம்புகள் உண்டு. இதைத் துரத்திவரும் எதுவும் முதலில் சந்திப்பது பாம்பை அல்ல, ஒரு மண்சுவரை. கடித்தாலும் வாயில் மண்ணும் கெட்டியான கேடயமும்தான் அகப்படும். மண்ணுக்கு மேலே காட்டுக்கோழியிடமோ காட்டுப்பன்றியிடமோ மாட்டினாலும் இதே உத்திதான். தலையைப் பதுக்கி வாலை நீட்டினால் முதல் கொத்து கேடயத்தில் விழும். சில இனங்களின் வாலருகே பளிச்சென்ற மஞ்சளோ சிவப்போ இருப்பது பார்வையை அந்தப் பக்கம் இழுக்கிறது. மனிதரை ஏமாற்றி "இருதலை" என்று பெயர் வாங்கித் தந்ததும் இதே வால்தான்.

எல்லா இனங்களிலும் கேடயம் ஒரே மாதிரி இல்லை. யூரோபெல்டிஸ் பேரினத்தில் வால் பெரும்பாலும் சாய்வாக முடிந்து, மேல்பக்கம் தட்டையான வட்டமாக இருக்கும். ரைனோபிஸ் பேரினத்தில் ஒரே பெரிய செதில் புடைத்து, முள்முள்ளாக வாலை மூடும். நீலகிரியில் சாதாரணமாகக் காணப்படும் பெரோட்டெட் கேடயவாலின் வால் ஒடுங்கி, நுனியில் கூர்மையான செதிலோடு முடியும். மெலனோபிடியம் என்ற கருநிறப் பேரினத்தில் கேடயம் என்று சொல்லும்படி எதுவுமே இல்லை. மரபணு ஆய்வுகளின்படி, குடும்ப மரத்திலிருந்து முதலில் பிரிந்த கிளை இந்த மெலனோபிடியம்தான். அதாவது, மண்ணுக்குள் போவது முதலில் நடந்திருக்கிறது, பின்வாசலை அடைக்கும் கதவு பிற்பாடு வந்திருக்கிறது.

மலைக்கு ஒரு பாம்பு

முட்டையிடுவதற்குக்கூட இவை இடம் தேடிப் போவதில்லை. தாயின் உடலுக்குள்ளேயே முட்டைகள் வளர்ந்து குட்டிகளாகப் பிறக்கின்றன. ஓர் ஈற்றுக்குப் பெரும்பாலும் பத்துக்குள்தான். பிறந்த குட்டி வாழப்போவதும் அதே மண். ஈரமும் குளிர்ச்சியும் மண்புழுவும் உள்ள மண்ணை விட்டு இவை அதிக தூரம் போவதில்லை. மேலே வந்து சூடான தரையில் அகப்பட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. அகலமான வயிற்றுச் செதில் இல்லாததால் வெட்டவெளியில் வேகமாக ஊரவும் இயலாது. மண்ணுக்குள் கெட்டிக்காரராக ஆன பாம்பு, மண்ணுக்கு மேலே கிட்டத்தட்ட உதவியற்றதாகிவிட்டது. நான் விலை என்று சொன்னது இதைத்தான்.

இதன் விளைவை வரைபடத்தில் பார்க்கலாம். குளிர்ந்த ஒரு மலையில் வாழும் பாம்புக்கு, அடுத்த மலைக்கு இடையில் கிடக்கும் வெப்பமான சமவெளி கடலுக்குச் சமம். பறவைக்கும் யானைக்கும் ஒரு பொருட்டாக இல்லாத தூரம் இதற்குக் கடக்க முடியாததாகிவிடுகிறது. ஆயிரக்கணக்கான தலைமுறைகள் இப்படித் தனித்திருந்தால் ஒவ்வொரு மலையின் பாம்பும் தனி இனமாகிவிடும். பழனி மலைக்கு ஒன்று, மேகமலைக்கு ஒன்று, திருநெல்வேலி மலைகளுக்கு ஒன்று, ஆனைமலைக்கு ஒன்று என்று பட்டியல் நீள்கிறது. சேர்வராயன் மலையின் ஷார்ட் கேடயவாலை 1863இலேயே விவரித்திருந்தார்கள். பிறகு நெடுங்காலம் அது மேற்குத் தொடர்ச்சி மலையின் வேறோர் இனத்தோடு சேர்த்தே எண்ணப்பட்டது. 2014இல்தான் அது தனி இனம் என்று மறுபடி நிறுவினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு நாமக்கல் பக்கத்துப் போதமலையிலிருந்து ரைனோபிஸ் கோவெரி அறிவிக்கப்பட்டது. 2018இல் கோவையை அடுத்த ஆனைகட்டி மலையிலிருந்து யூரோபெல்டிஸ் பூபதியி வந்தது. ஆனைகட்டியில் உள்ள சாலிம் அலி பறவையியல் மையத்தில் ஊர்வனவற்றை ஆராய்ந்து, 2014இல் களப்பணியின்போது நேர்ந்த விபத்தில் உயிரிழந்த எஸ். பூபதியின் நினைவாக அந்தப் பெயர். 2020இல் கொல்லிமலையும் தனக்கென ஒரு கேடயவாலைப் பெற்றது.

எல்லா இனங்களும் இப்படி ஒரே மலைக்குள் அடைபட்டவை அல்ல. எலியட் கேடயவால் பரவலாக வாழ்கிறது. இலங்கையின் வறண்ட தாழ்நிலத்திலும் சில இனங்கள் உண்டு. ஆனாலும் குடும்பத்தின் பொதுக்குணம் இருந்த இடத்திலேயே வேர்விட்டு நிற்பதுதான். இதற்குச் சிறந்த சாட்சி பாக் நீரிணை. பனியுகங்களில் கடல்மட்டம் தாழ்ந்தபோதெல்லாம் இந்தியாவும் இலங்கையும் தரைவழியாக இணைந்திருந்தன. கடைசி இணைப்பு முறிந்து ஏறத்தாழ 10,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. உயிர்கள் அங்குமிங்கும் தாராளமாகப் போய் வந்திருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். 2004இல் சயன்ஸ் இதழில் வெளிவந்த ஆய்வு ஒன்று மரத்தவளை, நன்னீர் மீன், நன்னீர் நண்டு ஆகியவற்றோடு கேடயவால் பாம்புகளின் மரபணுக்களையும் ஒப்பிட்டது. தரைப்பாலம் திரும்பத் திரும்ப இருந்தும், இலங்கையின் உயிர்கள் பெருமளவு தனி வம்சங்களாகவே வளர்ந்திருக்கின்றன என்பது அதன் முடிவு. பாலம் இருந்தது, ஆனால் அதில் இவற்றுக்கு ஏற்ற மண் இல்லை.

ஜாடிக்குள்ளிருந்து மலைக்கு

மண்ணுக்குள் ஒளிந்திருப்பதால் இவற்றைப் பற்றிய அறிவும் மெதுவாகவே சேர்ந்தது. பிரெஞ்சு அறிஞர் குவியே 1829இல் இரண்டு இனங்களுக்குப் பெயர் வைத்தபோது அவர் கையில் இருந்தவை ஐரோப்பாவுக்குப் போய்ச்சேர்ந்த மாதிரிகள் மட்டுமே. ஒன்றுக்கு இலங்கையின் பெயரைச் சூட்டினார். அது மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழ்வது, இலங்கையில் இல்லவே இல்லை. மற்றொன்றுக்குப் பிலிப்பைன்ஸின் பெயரைச் சூட்டினார். அதுதான் இலங்கையில் இருக்கிறது. மாதிரியின் ஊர் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த இரண்டு பெயர்களும் இன்றுவரை மாறாமல் நிற்கும் சான்றுகள்.

நிலைமையை மாற்றியவர் ரிச்சர்ட் ஹென்றி பெடோம். சென்னை மாகாண வனத்துறையின் தலைவராக 1860 முதல் 1882 வரை இருந்த அவர், காடு காடாக ஏறி இறங்கித் தாவரங்களோடு பாம்புகளையும் சேகரித்தார். இன்று நாம் அறிந்த தென்னிந்தியக் கேடயவால் இனங்களில் பெரும்பகுதிக்கு முதல் விவரிப்பு அவருடையதுதான். ஆனால் அவர் எழுதிவைத்த இடக்குறிப்புகள் பல, ஒரு மலைத்தொடரின் பெயரும் உயரமும் மட்டும் கொண்டவை. அந்த ஒருவரிக் குறிப்பை வைத்துக்கொண்டு எந்தச் சரிவில் எந்த இனம் என்று கண்டுபிடிக்கும் வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

செத்த மாதிரிகளைவிட்டு உயிருள்ள பாம்பைக் கவனித்தவர்களில் முக்கியமானவர் நெல்லைச் சீமையின் விலங்கியல் பேராசிரியர் எம்.வி. இராஜேந்திரன். என்ன தின்கிறது, எப்படித் தோண்டுகிறது, எப்போது குட்டி போடுகிறது என்று அவர் திரட்டியவற்றின் சாரமான நூலை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1985இல் வெளியிட்டது. கொல்லிமலை இனத்தை விவரித்த எஸ்.ஆர். கணேஷும் என்.எஸ். அச்சுதனும் அதற்கு யூரோபெல்டிஸ் இராஜேந்திரனி என்று பெயரிட்டது அந்த உழைப்புக்குச் செலுத்திய மரியாதை.

மழைக்குக் காத்திருக்கும் கணக்கெடுப்பு

காடு அழிந்தால் எல்லா உயிருக்கும் ஆபத்து என்பது தெரிந்த செய்தி. கேடயவால் பாம்பின் கதை சற்று வேறு. தேயிலை, காபி, வாழைத் தோட்டங்களில்கூடச் சில இனங்கள் தாக்குப்பிடிக்கின்றன. அவற்றுக்கு மரத்தைவிட மரத்தின் கீழே உள்ளது முக்கியம். இலைச்சருகு, நிழல், இளகிய ஈரமண், மண்புழு ஆகியவை இருந்தால் போதும். மண் இறுகிப்போனாலோ, மருந்து தெளித்து மண்புழு குறைந்தாலோ, நிழல் போய் மண் காய்ந்தாலோ, மேலே பச்சையாக இருந்தும் கீழே பாம்பு இல்லாமல் போகலாம். அடுத்த மலையிலிருந்து வந்து காலியிடத்தை நிரப்ப அதற்குப் பங்காளிகளும் இல்லை.

மழைக்காலத்தில் இவை மேலே வரும். மலைச்சாலை குறுக்கிட்டால் அதைக் கடக்க நேரமெடுக்கும். ஆனைமலைச் சாலைகளில் வண்டியில் அடிபட்டுச் சாகும் தவளைகளையும் ஊர்வனவற்றையும் கணக்கெடுத்தவர்கள் அந்தப் பட்டியலில் கேடயவால் பாம்புகளையும் கண்டார்கள். காரில் போகிறவர் கண்ணுக்கு அது தார்மேல் கிடக்கும் ஒரு கருப்புக் கயிறு. ஒரே மலையில் மட்டும் வாழும் இனம் என்றால், அந்தச் சாலை அதன் உலகத்தையே ஊடறுத்துப் போகிறது.

இங்கே நாம் மாற்றிக்கொள்ள வேண்டிய பழக்கம் ஒன்று இருக்கிறது. ஒரு மலையில் சாலையோ விடுதியோ கட்டும் முன் உயிரினங்களைக் கணக்கெடுப்பது வழக்கம். அது கோடையில் நடந்தால், மரங்களும் பறவைகளும் பட்டியலில் ஏறிவிடும். ஈரத்தைத் தேடி ஆழத்துக்குப் போய்விட்ட கேடயவால் பாம்பு ஏறாது. அது அங்கே இல்லை என்று தாளில் எழுதுவது சுலபம். இருபது ஆண்டுகளுக்கு முன்புவரை போதமலைக்கும் ஆனைகட்டிக்கும் இப்படி ஒரு பாம்பு இருப்பதே எந்தப் பட்டியலிலும் இல்லை. இருந்தும் அவை அங்கேதான் இருந்தன, மனிதர் மலையேறுவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே. ஆகவே மலையைக் கணக்கெடுக்கப் போகிறவர்கள் மழைக்குப் பிறகு போக வேண்டும், போனால் சருகை விலக்கி மண்ணையும் கிளறிப் பார்க்க வேண்டும். மண்ணைப் பார்க்காமல் எழுதிய பட்டியலை மலையின் பட்டியல் என்று ஏற்றுக்கொள்ளாமலிருப்பது, இந்தப் பாம்புக்கு நாம் தரக்கூடிய முதல் கேடயம்.